டார்ச் லைட் கேள்விக்குத் தாமதமாக ஒரு பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கமாக நான் போடும் பழைய போட்டோவும் மூட்டுவலி புலம்பலும் இன்றைக்கு இல்லை. இன்றைக்குப் பாடம். முதலில் எனக்கு நானே நடத்திக்கொண்ட பாடம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவிவிட்டுத் திரும்பினால், நரைத்த மீசையோடு ஒருவர் வழி மறித்து நின்றார். "சார், என்னை ஞாபகம் இருக்கா?" குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். 1987-ல் ப்ளஸ் ஒன். ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்சு. இப்போது மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம், அவன் கூச்சப்படுவான்.

நலம் விசாரித்து முடித்ததும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அந்த டார்ச் லைட் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு சார்பு வேகம் நடத்திக்கொண்டிருந்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில், அதற்குள் அதே திசையில் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவர், பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அவர் வேகம் 65. கூட்டல் கணக்குதான். அப்போது இவன் எழுந்து, "சார், அந்த ஆளு நடக்கறதுக்குப் பதிலா டார்ச் லைட் அடிச்சா? வெளிச்சமும் ரயில் வேகத்தச் சேத்துக்கிட்டுப் போகுமா?" என்றான். வகுப்பு சிரித்தது. நான், "போர்ஷன் முடிக்கணும், உக்காருடா" என்றேன். உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். கிளம்பும்போது ஒன்று சொன்னான்: "போன வாரம் என் பொண்ணு இதே மாதிரி ஏதோ கேட்டா சார். படிக்கிற வேலையப் பாருன்னு சொல்லிட்டேன்."

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. இரண்டு உண்மைகளை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று, அன்றைக்குப் போர்ஷன் அவசரம் ஒரு சாக்கு. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெளிவாகத் தெரியாது. கல்லூரியில் சார்பியல் சமன்பாடுகளை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேனே தவிர, புரிந்து படிக்கவில்லை. இரண்டு, பின்னாளில் இந்தப் பாடத்தைப் பற்றி உங்களில் பலருக்கு வகுப்பில் ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையும் பாதி தப்பு. இந்த ஒரு மாதமாக உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கலிலியோவின் கப்பலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1632-ல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ ஒரு காட்சியைச் சொல்கிறார். பெரிய கப்பலின் அடித்தட்டில், ஜன்னல் இல்லாத அறைக்குள் நண்பரோடு போய் இருந்துகொள்ளுங்கள். சில வண்ணத்துப்பூச்சிகள், ஒரு பாத்திரத்தில் மீன்கள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் குப்பி எல்லாம் இருக்கட்டும். கப்பல் நிற்கும்போது அவற்றைக் கவனியுங்கள். பிறகு கப்பல் குலுங்காமல், வேகம் மாறாமல், நேர்கோட்டில் போகும்போது கவனியுங்கள். எந்த வித்தியாசமும் தெரியாது. சொட்டு நேராகக் கீழேதான் விழும். பூச்சி எந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் பறக்கும்.

பூமி சுற்றினால் நாம் ஏன் தூக்கி எறியப்படவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. சீரான வேகத்தில் போகும் பெட்டிக்குள் இருந்துகொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமல், 'நான் ஓடுகிறேனா, நிற்கிறேனா' என்று எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் கிளம்பிவிட்டதாக நினைத்து ஏமாந்திருப்பீர்களே, அதுதான் இது. சார்பியலின் முதல் தூண் இதுதான். ஐன்ஸ்டைன் பிறப்பதற்கு இருநூற்று நாற்பது வருடங்களுக்கு மேல் முன்பே நட்டு வைத்த தூண்.

அடுத்தது வெளிச்சம். ஒளி போக நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதே 1676 வரை உறுதிப்படவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ரோமர், வியாழனின் நிலவான அயோவின் கிரகணங்களைக் குறித்துக்கொண்டே வந்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் கிரகணம் தாமதமாகத் தெரிந்தது. வெளிச்சம் கூடுதல் தூரம் வர வேண்டியிருப்பதுதான் காரணம் என்றார். 1849-ல் பிரான்ஸில் ஃபிசோ, 720 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றி, பல் இடுக்கு வழியாக எட்டரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்த கண்ணாடிக்கு ஒளியை அனுப்பித் திரும்ப வாங்கினார். பூமியின் மேலேயே ஒளியின் வேகத்தை அளந்துவிட்டார். நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர்.

1865-ல் மேக்ஸ்வெல் மின்சாரத்தையும் காந்தத்தையும் சேர்த்து எழுதிய சமன்பாடுகளில் இருந்து ஒரு அலை வந்து விழுந்தது. அதன் வேகத்தைக் கணக்குப் போட்டால் ஒளியின் வேகம். ஒளி என்பது மின்காந்த அலை என்று தெரிந்தது. ஆனால் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. ரயில் 60 கிலோமீட்டர் வேகம் என்றால் தரையைப் பொறுத்து. ஒலி போகும் வேகம் என்றால் காற்றைப் பொறுத்து. மேக்ஸ்வெல்லின் அலை இந்த வேகத்தில் போகிறது என்றால், எதைப் பொறுத்து?

அந்தக் காலத்து அறிஞர்கள் எல்லா இடத்திலும் ஈதர் என்ற ஒரு பொருள் நிறைந்திருக்கிறது, ஒளி அதில்தான் அலையாகப் போகிறது என்றார்கள். அப்படியானால் சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பூமி, ஈதரைக் கிழித்துக்கொண்டுதானே போக வேண்டும்? ஓடும் பைக்கில் காற்று அடிப்பதுபோல நமக்கு ஈதர் காற்று அடிக்க வேண்டுமே?

இங்கேதான் நான் கரும்பலகையில் காவிரி படம் போடுவேன். ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். ஆறு 400 மீட்டர் அகலம். நீச்சல்காரர்கள் இருவர், நிமிடத்துக்கு 50 மீட்டர் நீந்துவார்கள். தண்ணீர் ஓட்டம் 30 மீட்டர். ஒருவர் நேர் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்புகிறார். ஓட்டம் இழுப்பதைச் சமாளிக்கக் கொஞ்சம் மேல்பக்கமாகச் சாய்ந்து நீந்த வேண்டும். 3-4-5 முக்கோணத்தின்படி அவருக்குக் கிடைக்கும் வேகம் 40. போக 10 நிமிடம், வர 10 நிமிடம், மொத்தம் 20. இன்னொருவர் ஓட்டத்தோடு 400 மீட்டர் போய், எதிர்த்துத் திரும்புகிறார். போகும்போது வேகம் 80, 5 நிமிடம். வரும்போது 20, அது 20 நிமிடம். மொத்தம் 25. ஆக, தூரம் ஒன்றானாலும் நேரம் வேறு. அந்த வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தின் வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நீச்சல்காரர்களுக்குப் பதில் இரண்டு ஒளிக்கற்றைகளை விட்டவர் மைக்கேல்சன். 1881-ல் ஜெர்மனியில் பாட்ஸ்டாமில் ஒருமுறை செய்து பார்த்தார். 1887-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் மார்லி என்ற வேதியியல் பேராசிரியரோடு சேர்ந்து பெரிதாகச் செய்தார். ஒன்றரை மீட்டர் சதுரக் கல் பலகை. அதிர்வு தட்டாமல் இருக்கவும் மெதுவாகச் சுழற்றவும் அதைப் பாதரசத்தில் மிதக்க விட்டார்கள். ஒளி கண்ணாடிகளுக்கு இடையே பலமுறை போய்வந்ததில் பாதை ஏறத்தாழ 11 மீட்டர் ஆனது. ஈதர் காற்று இருந்தால், பலகையைச் சுழற்றும்போது குறுக்கீட்டுப் பட்டைகள் ஒரு பட்டை அகலத்தில் 0.4 பங்கு நகர வேண்டும். அவர்கள் கண்டது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. காற்று அடிக்கவே இல்லை.

இதற்குப் பிறகு நான் உங்களுக்குச் சொன்ன கதை: "மைக்கேல்சன் தோற்றார். அதைப் பார்த்த ஐன்ஸ்டைன், ஒளியின் வேகம் மாறாது என்று சொல்லிவிட்டார்." பத்து மதிப்பெண் விடைக்கு அழகாகப் பொருந்தும். நடந்தது அப்படி இல்லை.

ஐன்ஸ்டைனின் 1905-ஆம் வருடக் கட்டுரையில் மைக்கேல்சன் பெயரே கிடையாது. ஈதரைப் பொறுத்துப் பூமியின் ஓட்டத்தைக் கண்டுபிடிக்க நடந்த முயற்சிகள் பலிக்கவில்லை என்று பொதுவாக ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். பிற்காலத்தில் கேட்டவர்களிடமும், தன்னை அதிகம் பாதித்தவை வேறு இரண்டு என்றுதான் சொன்னார். ஒன்று, பூமியின் ஓட்டத்தால் நட்சத்திரங்கள் சற்றே இடம் மாறித் தெரிவது. இன்னொன்று, ஃபிசோ 1851-ல் செய்த சோதனை.

அந்த 1851 சோதனையைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓடும் தண்ணீருக்குள் ஒளியை விட்டால், தண்ணீரின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு போகுமா என்று ஃபிசோ கேட்டிருக்கிறார். என் கடைசி பெஞ்சுப் பையனின் கேள்வி அப்படியே! ரயிலுக்குப் பதில் தண்ணீர், டார்ச்சுக்குப் பதில் சூரிய ஒளி. கிடைத்த பதிலும் விசித்திரமானது. தண்ணீரின் வேகம் முழுசாகவும் சேரவில்லை, சேராமலும் இல்லை. ஏறத்தாழ 44 சதவீதம் மட்டும் சேர்ந்தது. கூட்டல் கணக்கு பொய்த்துப்போனது. ஏன் என்று ஐம்பது வருடங்களுக்கு மேல் யாராலும் திருப்தியாகச் சொல்ல முடியவில்லை.

சரி, ஐன்ஸ்டைன் எங்கிருந்து ஆரம்பித்தார்? ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து.

முனிச் பள்ளியின் கெடுபிடி பிடிக்காமல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பையன் அவர். 1895-ல் சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு எழுதித் தேறவில்லை. (உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: 'ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகவே எழுதியிருந்தார். மற்ற பாடங்கள்தான் கவிழ்த்தன.) ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு வா என்றார்கள். சுவிட்சர்லாந்தில் ஆராவ் என்ற சிற்றூரின் பள்ளியில் சேர்ந்தார். ஒரு ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். பிள்ளைகள் தாங்களே யோசிக்க இடம் கொடுத்த பள்ளி அது. கடைசிக் காலத்தில்கூட அந்தப் பள்ளியை நன்றியோடு நினைத்து எழுதியிருக்கிறார்.

அங்கே 16 வயதில் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. நான் ஒளியின் வேகத்திலேயே ஓடி, ஒரு ஒளிக்கற்றையை எட்டிப் பிடித்தால் என்ன தெரியும்? கூட்டல் கழித்தல் கணக்கின்படி, அந்த அலை என் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் அப்படி நின்றுபோன ஒளியை யாரும் கண்டதில்லை. மேக்ஸ்வெல் சமன்பாட்டிலும் அதற்கு இடம் இல்லை. அதோடு, கலிலியோவின் கப்பலுக்குள் இருப்பவன், பக்கத்தில் வெளிச்சம் நின்றுபோனதைப் பார்த்து 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று கண்டுபிடித்துவிடலாமே? அந்த விதியும் உடைகிறதே?

அந்தக் கேள்விக்கு 1895-ல் உலகத்தில் யாரிடமும் சரியான பதில் இல்லை. ஆராவ் ஆசிரியர்களிடமும் இருந்திருக்காது. ஆனாலும் கேள்வி அந்தப் பையனிடம் உயிரோடு இருந்தது. பத்து வருடம் அதைச் சுமந்தார். என் பையனின் கேள்வி பத்து நொடியில் செத்துப்போனது.

அந்தப் பத்து வருடத்தில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஓடும் பொருள் ஓட்டத்தின் திசையில் சற்றே சுருங்குகிறது என்றால் மைக்கேல்சன் முடிவு புரியும் என்று அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1889-லும், ஹாலந்தின் லோரன்ஸ் 1892-லும் தனித்தனியாகச் சொன்னார்கள். 1904-ல் லோரன்ஸ் எழுதிய சமன்பாடுகளைத்தான் இன்றும் அவர் பெயரால் படிக்கிறோம். இரண்டு இடங்களில் நடக்கும் சம்பவங்கள் ஒரே நேரத்தில் நடந்தன என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று பிரான்ஸின் பாயின்கேரே 1898-லேயே எழுதினார். ஐன்ஸ்டைன் வெறுங்கையில் இருந்து எடுத்தார் என்று நான் சொன்னது இந்தப் பெரியவர்களுக்குச் செய்த அநியாயம். ஆனால் இவர்கள் ஈதரைக் கடைசிவரை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை.

1902-ல் ஐன்ஸ்டைனுக்கு பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப அலுவலர் வேலை கிடைத்தது. பகலில் மற்றவர்களின் கண்டுபிடிப்பு விண்ணப்பங்களைப் பார்ப்பது, மிச்ச நேரத்தில் இயற்பியல். 1905 மே மாதம் ஒருநாள், அதே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் மிஷெல் பெஸ்ஸோவிடம் போய், இந்தச் சிக்கலை எல்லாப் பக்கமும் போட்டுப் பேசியிருக்கிறார். மறுநாள் அவரைப் பார்த்ததும், நன்றி, விடை கிடைத்துவிட்டது என்றாராம். ஐந்து வாரத்தில் கட்டுரை தயார். ஜூன் 30 அன்று பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டுரையில் மேற்கோள் நூல் பட்டியல் கிடையாது. கடைசியில் பெஸ்ஸோவுக்கு நன்றி மட்டும் உண்டு.

அந்தக் கட்டுரை எதில் ஆரம்பிக்கிறது தெரியுமா? நாம் லேபில் செய்த சோதனை. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் கால்வனாமீட்டர் முள் ஆடும். காந்தத்தை வைத்துவிட்டுச் சுருளை நகர்த்தினாலும் அதே அளவு ஆடும். முள்ளுக்கு எது நகர்ந்தது என்பது பற்றிக் கவலை இல்லை. ஆனால் அன்றைய பாடப்புத்தகங்கள் இரண்டுக்கும் இரண்டு வேறு விளக்கம் கொடுத்தன. இயற்கையில் இல்லாத வித்தியாசத்தை நாம் ஏன் கோட்பாட்டில் வைத்திருக்கிறோம் என்று கேட்டார். அந்தச் சோதனையை உங்களுக்கு எத்தனையோ வருடம் செய்து காட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பிறகு இரண்டே அடிப்படைகளை வைத்தார். ஒன்று, சீரான வேகத்தில் போகும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே. கலிலியோவின் கப்பல் விதி, ஒளிக்கும் மின்காந்தத்துக்கும் சேர்த்து. இரண்டு, வெற்றிடத்தில் ஒளியின் வேகம், அதை வெளியிடும் பொருள் ஓடினாலும் நின்றாலும், ஒன்றே. ஈதர் தேவையில்லை என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதுவதுபோல் இருக்கிறதே? ரயிலில் இருப்பவனுக்கும் பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கும் டார்ச் வெளிச்சம் ஒரே வேகத்தில் எப்படிப் போக முடியும்? பெஸ்ஸோவிடம் பேசிய மறுநாள் கிடைத்த விடை இதற்குத்தான். மோதல் வருவது, 'ஒரே நேரம்' என்பது எல்லோருக்கும் பொது என்று நாம் யோசிக்காமல் நம்புவதால்.

இப்படிப் பாருங்கள். ஓடும் சரக்குப் பெட்டி ஒன்று. அதன் நட்டநடுவில் ஒருவன் விளக்கைப் போடுகிறான். வெளிச்சம் முன் சுவருக்கும் பின் சுவருக்கும் போகிறது. அவனுக்கு இரண்டும் சம தூரம், சம வேகம். ஆக, இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டது என்பான். பிளாட்பாரத்தில் நிற்பவன் பார்வையில், பின் சுவர் வெளிச்சத்தை நோக்கி வருகிறது, முன் சுவர் விலகி ஓடுகிறது. அவனுக்கும் ஒளியின் வேகம் இரண்டு பக்கமும் அதே வேகம்தான் என்றால், பின் சுவரை முதலில் தொட்டது என்றுதான் சொல்வான். இருவரில் யார் பொய் சொல்கிறார்கள்? யாருமில்லை. இரண்டு வேறு இடங்களில் நடக்கும் சம்பவங்களுக்கு 'ஒரே நேரம்' என்பது பார்க்கிறவரின் ஓட்டத்தைப் பொறுத்தது. இந்த ஒரு இடத்தை ஒப்புக்கொண்டால் மிச்சமெல்லாம் கணக்குதான்.

அந்தக் கணக்கில் நம் காவிரி முக்கோணமே மறுபடி வருகிறது. ஓடும் பெட்டிக்குள் தரையில் இருந்து கூரைக்கு ஒளி போய்வரும் ஒரு கடிகாரம் இருக்கட்டும். உள்ளே இருப்பவனுக்கு ஒளி நேர் மேலே போகிறது. வெளியே இருப்பவனுக்குச் சாய்வாக, அதிக தூரம் போகிறது. வேகம் ஒன்றே என்பதால் அதிக நேரம் ஆகிறது. பெட்டி ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் போனால், வெளியே 5 நொடி ஆகும்போது உள்ளே 4 நொடிதான். 3-4-5. இத்தனை வருடம் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன், காலம் நீள்வது அதே முக்கோணத்தில்தான் இருக்கிறது என்று கவனித்ததே இல்லை.

இப்போது தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். வேகங்களை வெறுமனே கூட்டக்கூடாது. கூட்டிவந்ததை இன்னொரு எண்ணால் வகுக்க வேண்டும். இரண்டு வேகங்களையும் ஒளி வேகத்தின் பங்காக எழுதிப் பெருக்கி, அதோடு 1 சேர்த்தால் அந்த எண். பாதி ஒளி வேகத்தில் போகும் ரயிலில் இருந்து பாதி ஒளி வேகத்தில் கல் எறிந்தால், கூட்டல் 1. வகுக்கும் எண் ஒன்றேகால். விடை ஒளி வேகத்தில் 0.8 பங்கு. கல்லுக்குப் பதில் டார்ச் அடித்தால், கூட்டல் ஒன்றரை, வகுக்கும் எண்ணும் ஒன்றரை, விடை 1. ரயில் எந்த வேகத்தில் போனாலும் விடை 1 தான். வெளிச்சம் ரயில் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு போகாது. ஃபிசோவின் தண்ணீர்ச் சோதனைக்கும் இதே வகுத்தல் சரியான விடை தருகிறது என்று 1907-ல் லாவே காட்டினார். தண்ணீருக்குள் ஒளி கொஞ்சம் மெதுவாகப் போவதால்தான் அங்கே பாதியாவது சேர்ந்தது.

அப்படியானால் நான் நடத்திய 60 கூட்டல் 5 தப்பா? தப்புதான். ஆனால் எவ்வளவு தப்பு? 60 கிலோமீட்டரையும் 40 கிலோமீட்டரையும் கூட்டினால் 100-க்குக் குறைவது, மணிக்கு ஏறத்தாழ ஓர் அணுவின் அகலம். அதற்காக மார்க் குறைக்க வேண்டாம்.

இதெல்லாம் காகிதத்தில் சரி, நிஜத்தில் உண்டா என்று கேட்பீர்கள். வானத்தில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். மியூவான்கள் பிறப்பது 10, 15 கிலோமீட்டர் உயரத்தில். கணக்குப்படி பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிட வேண்டும். ஆனால் கடல் மட்டத்தில் உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. ஒளி வேகத்தில் 99.8 சதவீதத்தில் ஓடும் மியூவானின் கடிகாரம் நமக்குப் பதினாறு மடங்கு மெதுவாக ஓடுகிறது. ஆகவே சராசரியாக 10 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. மியூவான் பக்கம் இருந்து பார்த்தால் அதன் ஆயுள் அதேதான். நம் 15 கிலோமீட்டர் காற்று மண்டலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகிறது. 1941-ல் ராஸியும் ஹாலும் அமெரிக்காவில் மலைமேல் ஒரு ஏரிக்கரையிலும் கீழே டென்வர் நகரத்திலும் எண்ணிப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். நம் ஊட்டியிலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ் ஆய்வகம் இருக்கிறது. 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான்களை எண்ணுகிறார்கள். அடுத்தமுறை பூங்கா பார்க்கப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு திருத்தமும் பாக்கி இருக்கிறது. 'எல்லாமே சார்புதான் என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார்' என்று மேடையில் பேசியிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நேரமும் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுவது, விதிகளும் ஒளி வேகமும் மாறாமல் இருப்பதற்காக. சார்பியல் என்ற பெயர் ஓட்டத்துக்கு வந்தது 1906-ல் பிளாங்க் பேசிய பேச்சில் இருந்து. 'மாறாதவற்றின் கோட்பாடு' என்று பெயர் வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ஐன்ஸ்டைனின் இந்தக் கட்டுரையையும் மின்கோவ்ஸ்கியின் கட்டுரையையும் ஜெர்மன் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1920-ல் நூலாக வெளியிட்டது கல்கத்தா பல்கலைக்கழகம். மொழிபெயர்த்தவர்கள் மேக்நாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும். இருவரும் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த ஆசிரியர்கள். மாணவர்களுக்குப் புதுப் பாடம் சொல்லித்தர நல்ல புத்தகம் இல்லை என்று, ஜெர்மன் கற்றுக்கொண்டு தாங்களே படித்தார்கள். எனக்குக் கையில் இருந்த நூலகத்துக்குப் போகக்கூட அன்றைக்குத் தோன்றவில்லை. 'தெரியலடா, நாளைக்குப் பாத்துச் சொல்றேன்' என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நொடி வேலை. வாத்தியாருக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் தடுத்தது.

அந்தப் பயத்தால் அன்று உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் தம்பி. உன் கேள்வி, ஃபிசோ கேட்ட கேள்வி. பதினாறு வயதில் ஐன்ஸ்டைன் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி. சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. நேற்று அவனுக்கு போன் செய்து இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். வரட்டும். பதில் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைச் சேர்ந்து தேடுவோம்.

உங்களில் இயற்பியல் நடத்துகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இதில் பிழை இருந்தால் கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன். அன்றைக்கு நான் உட்காரச் சொன்ன வேறு யாராவது இருந்தால், அந்தக் கேள்வியையும் எழுதுங்கள். இப்போது போர்ஷன் அவசரம் எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்